ஸ்காட்லாந்து – இங்கிலாந்து போர்கள்: சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடந்த போர்களைப் பற்றித் தமிழில் வரும் வீடியோக்களும் பதிவுகளும் பெரும்பாலும் ஒரே ஆளில் தொடங்கி அவரோடேயே முடிந்துவிடுகின்றன. ஸ்காட்லாந்து வீரர் வில்லியம் வாலஸ். முகத்தில் நீலச் சாயம், இடுப்பில் கட்டம் போட்ட துணி, குதிரை மேலிருந்து ஒரு வீர உரை, கடைசியில் கொடூரமான மரணம். எல்லாம் 1995-ல் வந்து ஐந்து ஆஸ்கர் வாங்கிய ‘பிரேவ்ஹார்ட்’ என்ற ஹாலிவுட் படத்தின் புண்ணியம். படமாகப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இது 1296-ல் தொடங்கி 1651 வரை விட்டுவிட்டு நடந்த மூன்றரை நூற்றாண்டு விவகாரம். ஏறக்குறைய மூன்று மணி நேரப் படத்தில் அடங்காது.

அதைப் பற்றிச் சொல்லும்போது வரும் தவறுகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து முளைக்கின்றன. எல்லைக்கு வடக்கே இருப்பவர்கள் எல்லாம் ஓர் அணி, தெற்கே இருப்பவர்கள் எல்லாம் எதிரணி என்று கோடு கிழித்துக்கொள்வதுதான் அது. ஒவ்வொரு போரிலும் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று பெயர் பெயராகப் பார்க்க ஆரம்பித்தால் அந்தக் கோடு அழிந்துபோகிறது.

பாலம் இல்லாத பாலச் சண்டை

1297 செப்டம்பர் 11, ஸ்டர்லிங் பாலம். படத்தில் இந்தச் சண்டை ஒரு புல்வெளியில் நடக்கிறது, பாலத்தையே காணோம். அதைப் பார்த்துவிட்டு எழுதுகிறவர்களும் ‘சின்னப் படை, பெரிய வீரம்’ என்று முடித்துவிடுகிறார்கள். அன்றைய வெற்றியே அந்தப் பாலத்தால் வந்தது. ஃபோர்த் ஆற்றின் குறுக்கே குறுகலான மரப்பாலம். இரண்டு குதிரைவீரர்கள் பக்கம் பக்கமாகப் போகலாம், அவ்வளவுதான். இங்கிலாந்துப் படையின் தலைவர் சர்ரே பிரபு அன்று காலையில் தூங்கிப் போனார். விடியற்காலையில் பாலத்தைத் தாண்டிப்போன காலாட்கள், தலைவர் இன்னும் எழவில்லை என்பதால் திரும்ப அழைக்கப்பட்டார்கள். அப்புறம் ஒருவர் நல்ல யோசனை சொன்னார்: கொஞ்ச தூரத்தில் ஆழம் குறைந்த துறை இருக்கிறது, அங்கே ஒரே நேரத்தில் அறுபது பேர் கடக்கலாம், குதிரைப்படையோடு என்னை அனுப்புங்கள், எதிரியைப் பின்னால் போய்ப் பிடிக்கிறேன்.

சொன்னவர் பெயர் ரிச்சர்ட் லண்டி. ஸ்காட்லாந்து நைட். அந்தக் கோடையில்தான் அணி மாறி இங்கிலாந்துப் பக்கம் வந்திருந்தார். அவரை நம்பத் தயக்கம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஸ்காட்லாந்தின் கஜானாவைப் பார்த்துக்கொண்ட ஹியூ கிரெசிங்கம், அரசரின் பணம் வீணாகிறது, இழுத்தடிக்காமல் சீக்கிரம் முடியுங்கள் என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். செலவைக் குறைக்க, உதவிக்கு வந்த கூடுதல் படையையே முன்னதாகத் திருப்பி அனுப்பியவர் அவர். கடைசியில் பாலத்தின் வழியாகவே போனார்கள். கணிசமான படை அக்கரை சேர்ந்ததும் வாலஸின் ஆட்கள் மேட்டிலிருந்து இறங்கிப் பாலத்தின் வாயை அடைத்துக்கொண்டார்கள். போனவர்கள் திரும்ப முடியவில்லை, இருப்பவர்கள் உதவிக்குப் போக முடியவில்லை. கிரெசிங்கம் அங்கேயே செத்தார்.

‘வாலஸின் ஆட்கள்’ என்று எழுதினேனே, அதிலும் பாதி தவறு இருக்கிறது. அந்தப் படைக்கு இரண்டு தலைவர்கள். வடக்கே கோட்டை கோட்டையாகப் பிடித்துக்கொண்டு வந்த ஆண்ட்ரூ மரே இன்னொருவர். பெரிய குடும்பத்துப் பிள்ளை. முறையான போர்ப் பழக்கம் வாலஸைவிட இவருக்கு இருந்திருக்கும் என்று நினைக்கப் போதிய காரணம் உண்டு. பாலச் சண்டையில் பட்ட காயத்தில் அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்துபோனார். பிறகு கதை சொன்னவர்களும் அவரை மறந்துவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு, 1298 ஜூலை 22, ஃபால்கர்க். வாலஸ் தோற்ற சண்டை. இங்கே ‘பிரபுக்கள் காட்டிக் கொடுத்தார்கள்’ என்ற ஒற்றை வரி விளக்கம்தான் எல்லோருக்கும் பிடித்தது. ஸ்காட்லாந்துக் குதிரைப்படை களத்தை விட்டு ஓடியது உண்மை. ஆனால் தோல்வியைப் புரிந்துகொள்ள ஷில்ட்ரனைப் புரிந்துகொள்ள வேண்டும். நீண்ட ஈட்டிகளை வெளிப்பக்கம் நீட்டி நெருக்கமாக நிற்கும் காலாட்களின் வட்டம் அது. குதிரைப்படை அதை உடைக்க முடியாது. ஆனால் ஒரே இடத்தில் அடர்த்தியாக நிற்கிறவர்கள் மேல் அம்பு மழை பெய்தால்? இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்ட் அதைத்தான் செய்தார். வில்லாளிகள் வட்டத்தில் ஓட்டை போட்டார்கள், குதிரைகள் அந்த ஓட்டைக்குள் புகுந்தன. அன்று எட்வர்டிடம் 25,000-க்கும் மேல் காலாட்படை இருந்ததாகச் சம்பளக் கணக்கு சொல்கிறது. அதில் கணிசமான பங்கு வேல்ஸ்காரர்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னால்தான் எட்வர்டின் கையில் நாட்டை இழந்தவர்கள். ‘இங்கிலாந்துப் படை’ என்று சொல்லும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நீலச் சாயம் வாலஸுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழங்குடிகளோடு சேர்த்துச் சொல்லப்படுவது. கட்டம் போட்ட துணியை இடுப்பில் சுற்றி பெல்ட் கட்டும் உடை வாலஸுக்குக் கிட்டத்தட்ட முந்நூறு ஆண்டுகள் பிந்தியது, அதுவும் மலைநாட்டு வழக்கம். வாலஸ் தாழ்நிலத்துக்காரர். ஏழை விவசாயியும் இல்லை, சின்ன நிலப்பிரபு வர்க்கம். படத்தில் அவர் காதலிக்கும் இளவரசி இசபெல்லாவுக்கு ஃபால்கர்க் சண்டையின்போது ஏறக்குறைய மூன்று வயது. அவர் இங்கிலாந்துக்கு வந்தது 1308-ல். வாலஸை லண்டன் ஸ்மித்ஃபீல்டில் கொன்றது 1305 ஆகஸ்ட் 23. இதற்கு மேல் அந்தப் படத்தைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

வாலஸ் எந்த அரசருக்காகப் போராடினார்?

இந்தக் கேள்விக்குப் பலர் தயங்காமல் சொல்லும் பதில் ராபர்ட் புரூஸ். அல்லது ‘மக்களுக்காக’. இரண்டுமே சரியில்லை. ஜான் பேலியல் என்ற அரசருக்காக.

கொஞ்சம் பின்னால் போகலாம். 1286 மார்ச் மாதம் ஒரு புயல் இரவில் குதிரையில் போன ஸ்காட்லாந்து அரசர் மூன்றாம் அலெக்சாண்டர், கிங்ஹார்ன் அருகே விழுந்து இறந்தார். பிள்ளைகள் யாரும் உயிரோடு இல்லை. வாரிசு, நார்வேயில் இருந்த குட்டிப் பேத்தி மார்கரெட். அந்தக் குழந்தையை எட்வர்டின் மகனுக்குக் கட்டிவைப்பது என்று 1290-ல் சமாதானமாகவே பேசி முடித்தார்கள். அதாவது போர் இல்லாமலே இரண்டு நாடுகளும் ஒரு குடும்பத்துக்குள் வந்திருக்க வேண்டியது. குழந்தை வரும் வழியில் ஆர்க்னித் தீவில் இறந்துபோனது. உடனே பத்துக்கும் மேற்பட்டவர்கள் எனக்குத்தான் அரியணை என்று கிளம்பினார்கள். பஞ்சாயத்துக்கு எட்வர்டைக் கூப்பிட்டார்கள். அவர் வந்தார், ஆனால் ‘நான் உங்கள் மேலதிகாரி என்று ஒப்புக்கொண்டால்தான் தீர்ப்பு’ என்றார். 1292 நவம்பர் 17-ல் பெரிக் கோட்டையின் பெரிய மண்டபத்தில் தீர்ப்பு பேலியலுக்குச் சாதகமாக வந்தது. அந்த மண்டபம் இருந்த இடத்தில் இப்போது பெரிக் ரயில் நிலையம் இருக்கிறது. லண்டனிலிருந்து எடின்பரோ போகும் ரயில் அங்கே நிற்கும்.

தீர்ப்பு நியாயமானது என்றுதான் அன்றைய சட்டப்படி சொல்ல வேண்டும். சிக்கல் அதற்குப் பிறகு. ஸ்காட்லாந்து நீதிமன்றத் தீர்ப்புகள் மேல் தன்னிடம் மேல்முறையீடு வரலாம் என்றார் எட்வர்ட். தன்னுடைய பிரான்ஸ் சண்டைக்கு ஆள் அனுப்பு என்றார். 1295-ல் ஸ்காட்லாந்து பிரான்சோடு ஒப்பந்தம் போட்டது. 1296 வசந்தத்தில் எட்வர்ட் பெரிக் நகரத்தைச் சூறையாடினார், டன்பாரில் ஸ்காட்லாந்துப் படையை முறியடித்தார். பேலியலின் மேலாடையிலிருந்த அரச சின்னத்தையே கிழித்தெடுத்தார்கள் என்பார்கள். முடிசூட்டும் கல் லண்டனுக்குப் போனது. அது ஸ்காட்லாந்துக்குத் திரும்பி வந்தது 1996-ல்.

ஆக, 1297-ல் வாலஸும் மரேயும் எழுந்தது சிறைப்பட்டிருந்த பேலியலின் பெயரால். பாலச் சண்டை முடிந்து சரியாக ஒரு மாதத்தில், 1297 அக்டோபர் 11-ல் இருவரும் ஜெர்மனியின் லூபெக், ஹாம்பர்க் வணிகர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள்: எங்கள் துறைமுகங்கள் திறந்திருக்கின்றன, தாராளமாக வியாபாரத்துக்கு வாருங்கள். எனக்கு வாலஸ் பற்றிய எல்லாக் கதைகளையும்விட இந்தக் கடிதம் பிடிக்கும். சண்டை போடத் தெரிந்த ஆள் பலர் உண்டு. ஜெயித்த கையோடு ஏற்றுமதியைப் பற்றி யோசித்தவர்கள் குறைவு.

புரூஸின் சிலந்தியும் சத்தியங்களும்

குகையில் ஒளிந்திருந்த ராபர்ட் புரூஸ், வலை பின்னத் திரும்பத் திரும்ப முயன்ற சிலந்தியைப் பார்த்துத் தைரியம் பெற்றார் என்று பள்ளியில் படித்திருப்போம். அவர் காலத்து ஆவணம் எதிலும் இந்தச் சிலந்தி இல்லை. பல நூற்றாண்டுகள் கழித்து வந்து ஒட்டிக்கொண்டது. குழந்தைகளுக்குச் சொல்லலாம், வரலாறாகச் சொல்லக்கூடாது.

சிலந்தி சின்ன விஷயம். பெரிய தவறு, புரூஸைத் தொடக்கத்திலிருந்தே விடுதலை வீரராகக் காட்டுவது. அல்லது படம் பார்த்துவிட்டு, வாலஸை முதுகில் குத்திய துரோகியாகக் காட்டுவது. புரூஸ் குடும்பம் நார்மண்டியிலிருந்து வந்தது, இங்கிலாந்திலும் அவர்களுக்கு நிலம் இருந்தது. 1296-ல் அந்தக் குடும்பம் எட்வர்ட் பக்கம், ஏனென்றால் எதிரில் இருந்த பேலியல் அவர்களைத் தோற்கடித்து அரியணை ஏறியவர். 1297-ல் இளைய புரூஸ் கிளர்ச்சியில் சேர்ந்து, சரணடைந்தார். பிறகு, அரசர் இல்லாத காலத்தில் ஸ்காட்லாந்தை ஆண்ட ‘காவலர்’களில் ஒருவராக இருந்தார். 1302-ல் மறுபடி எட்வர்டிடம் போனார். பேலியல் திரும்பி வரக்கூடும் என்று பேச்சு கிளம்பிய நேரம் அது, வந்தால் புரூஸின் உரிமை போச்சு. இதைச் சந்தர்ப்பவாதம் என்பது சுலபம். நில உரிமையும் வாரிசுரிமையும்தான் உயிர்நாடி என்று வாழ்ந்த ஒரு வர்க்கத்தில் அன்று பெரும்பாலோர் செய்தது இதையேதான்.

1306 பிப்ரவரி 10-ல் டம்ஃப்ரீஸ் நகரத்துத் தேவாலயத்தில் ஜான் கொமினைச் சந்தித்தார் புரூஸ். கொமின், பேலியலின் சகோதரி மகன், ஸ்காட்லாந்தின் மிகப் பலம் வாய்ந்த குடும்பத்தின் தலைவர், புரூஸின் முதல் போட்டியாளர். பேச்சு முற்றியது, பலிபீடத்தருகே கொமின் குத்திக் கொல்லப்பட்டார். ஆறே வாரத்தில், மார்ச் 25-ல், ஸ்கூனில் புரூஸ் முடிசூட்டிக்கொண்டார். இதற்குப் பிறகு நடந்த போரின் பாதி, உள்நாட்டுப் போர். 1308-ல் புரூஸ் புக்கன் பகுதியைக் கொளுத்தினார். அது இங்கிலாந்து இல்லை, ஸ்காட்லாந்தின் வடகிழக்கு, கொமின்களின் நிலம். அங்கே எரிந்தவை ஸ்காட்லாந்துக்காரர்களின் வீடுகள். 1307 ஜூலையில் முதலாம் எட்வர்ட் இறந்தது புரூஸுக்கு எவ்வளவு உதவியதோ, அதே அளவு உதவியது கொமின்களை அவர் ஒழித்துக் கட்டியது.

பேனக்பர்னோடு கதையை முடித்துவிடுவது

1314 ஜூன் 23, 24. இரண்டு நாள் சண்டை. முதல் நாள் ஹென்றி டி போகுன் என்ற நைட் தனியாகப் பாய்ந்து வர, புரூஸ் அவர் மண்டையைக் கோடரியால் பிளந்தார் என்பது எல்லா வீடியோவிலும் வரும். இரண்டாம் நாள் இங்கிலாந்துப் படை ஓடைகளுக்கும் சதுப்புக்கும் நடுவே தானே போய்ச் சிக்கிக்கொண்டது. குதிரைப்படைக்குத் திரும்ப இடமில்லை. ஃபால்கர்க்கில் நின்ற இடத்திலேயே நின்ற ஷில்ட்ரன்கள், இங்கே முன்னேறி வந்தன. வில்லாளிகளைப் புரூஸின் சின்னக் குதிரைப்படை சிதறடித்தது. அன்று இங்கிலாந்துப் பக்கம் செத்தவர்களில் ஒருவர் ஜான் கொமின், தேவாலயத்தில் கொல்லப்பட்டவரின் மகன். அப்பாவைக் கொன்றவனுக்கு எதிராக நின்றிருந்தார் அந்த இளைஞர். அவரைப் பொறுத்தவரை எந்தப் பக்கம் நாட்டுப்பற்று?

‘இந்த வெற்றியோடு ஸ்காட்லாந்து சுதந்திரம் பெற்றது’ என்று எழுதாதீர்கள். இரண்டாம் எட்வர்ட் தப்பி ஓடினாரே தவிர, எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. புரூஸ் வட இங்கிலாந்தைக் கொள்ளையடித்துக்கொண்டே இருந்தார், 1318-ல் பெரிக்கை மீட்டார், 1320-ல் பிரபுக்கள் ஸ்காட்லாந்து தனி நாடு என்று வாதாடும் அர்ப்ரோத் கடிதத்தைப் போப்புக்கு அனுப்பினார்கள். இங்கிலாந்து அவரை அரசராக ஏற்றது 1328-ல்தான். அதற்கும் ஸ்காட்லாந்து 20,000 பவுண்டு கொடுத்தது. புரூஸின் மகன், நான்கு வயது இளவரசன் டேவிடுக்கு இங்கிலாந்து இளவரசி, ஏழு வயது ஜோனைக் கட்டிவைத்தார்கள். அடுத்த ஆண்டே புரூஸ் இறந்தார்.

அதற்கப்புறம் நடந்ததைத் தமிழில் யாரும் சொல்லி நான் அதிகம் பார்த்ததில்லை, ஆனால் கதையின் சுவாரசியமே அங்கேதான். பேனக்பர்னுக்குப் பிறகு, தன்னை ஏற்காதவர்களின் நிலங்களைப் புரூஸ் பறித்துத் தன் ஆட்களுக்குக் கொடுத்திருந்தார். நிலம் போனவர்களும் அவர்களின் பிள்ளைகளும் இங்கிலாந்தில் காத்திருந்தார்கள். 1332-ல், புரூஸ் செத்து மூன்று ஆண்டுகளில், பழைய அரசர் பேலியலின் மகன் எட்வர்ட் பேலியலைக் கூட்டிக்கொண்டு கப்பலில் வந்து இறங்கினார்கள். ஆகஸ்ட் 11-ல் பெர்த் அருகே டப்ளின் மூரில் (அயர்லாந்தின் தலைநகரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) தங்களைவிடப் பல மடங்கு பெரிய படையை அம்புகளால் நசுக்கினார்கள். செப்டம்பரில் ஸ்கூனில் எட்வர்ட் பேலியலுக்கு முடிசூட்டு விழா. அடுத்த ஆண்டு மூன்றாம் எட்வர்ட் நேரடியாக வந்து ஹாலிடன் ஹில்லில் இன்னொரு ஸ்காட்லாந்துப் படையை அழித்தார். பேனக்பர்ன் நடந்து இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை. சிறுவன் டேவிடைப் பிரான்சுக்கு அனுப்பிக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

ஸ்காட்லாந்து பிழைத்தது அதன் பிடிவாதத்தால் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 1337-லிருந்து மூன்றாம் எட்வர்டின் பணமும் படையும் பிரான்சின் பக்கம் திரும்பியது அதற்குக் குறையாத காரணம். நூறாண்டுப் போரைத் தனியாகவும் ஸ்காட்லாந்துப் போரைத் தனியாகவும் படிப்பது இன்னொரு பழக்கத் தவறு. ஒன்றை இழுத்தால் மற்றது கூடவே வரும். 1346-ல் பிரான்ஸ் கிரெசியில் தோற்றதும், நட்புக்காக டேவிட் இங்கிலாந்துக்குள் நுழைந்தார். டர்ஹம் அருகே நெவில்ஸ் கிராஸில் பிடிபட்டு, பதினோரு ஆண்டுகள் கைதியாக இருந்தார். 1513-ல் ஃப்ளாடன் சண்டையிலும் கிட்டத்தட்ட அதே கதை, பிரான்சின் நட்புக்காகப் போய்ச் சிக்கிக்கொண்டது.

இடமும் தேதியும் ஆளும்

சட்டென்று சில குழப்பங்கள். ஹேட்ரியன் சுவர் இரண்டு நாட்டு எல்லை இல்லை. ரோமானியர்கள் கி.பி. 122-ல் அதைத் தொடங்கியபோது இங்கிலாந்தும் இல்லை, ஸ்காட்லாந்தும் இல்லை. முழுச் சுவரும் இன்றைய இங்கிலாந்துக்குள்தான் இருக்கிறது. எல்லையை வகுத்தது 1237-ல் யார்க் ஒப்பந்தம். டன்பார் சண்டை இரண்டு, 1296-லும் 1650-லும். ஃபால்கர்க் சண்டையும் இரண்டு, 1298-லும் 1746-லும். 1297-ல் தூங்கிய சர்ரே பிரபுவும் 1513-ல் ஜெயித்த சர்ரே பிரபுவும் வேறு வேறு குடும்பம். அரியணைக்குப் போட்டியிட்ட ராபர்ட் புரூஸ் தாத்தா, அரசரான ராபர்ட் புரூஸ் பேரன், நடுவில் அப்பா பெயரும் ராபர்ட் புரூஸ்.

தேதியில் ஒரு கண்ணி இருக்கிறது. இங்கிலாந்தில் 1752 வரை சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25-ல் பிறந்தது. ஸ்காட்லாந்து 1600-லேயே ஜனவரி 1-க்கு மாறிவிட்டது. அதனால் முதலாம் சார்லஸின் தலையை வெட்டிய ஜனவரி 30, லண்டன் ஆவணங்களில் 1648, எடின்பரோவில் 1649. பழைய ஆவணத்திலிருந்து ஆண்டை எடுத்து எழுதுகிறவர்கள், ஜனவரி முதல் மார்ச் வரையான தேதி என்றால் ஒரு நிமிடம் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

எண்ணிக்கை விஷயத்திலும் அப்படித்தான். பழைய பாடல்களும் வரலாற்றுக் குறிப்புகளும் பேனக்பர்னில் இங்கிலாந்துப் பக்கம் ஒரு லட்சம் பேர் என்கின்றன. அன்றைய அழைப்பாணைகளை வைத்துப் பார்த்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு தேறுவதே கஷ்டம்.

ஃப்ளாடன்: முட்டாள் அரசன் என்ற சுலபமான முடிவு

1513 செப்டம்பர் 9. நான்காம் ஜேம்ஸ், பல பிரபுக்கள், பிஷப்புகள், ஆயிரக்கணக்கான வீரர்கள் ஒரே மாலையில் போனார்கள். பிரிட்டனில் போர்க்களத்தில் இறந்த கடைசி அரசர் இவர். இடம் ஸ்காட்லாந்தில் இல்லை, இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில், பிராங்ஸ்டன் கிராமத்துக்குப் பக்கம். வீம்புக்குச் சண்டைக்குப் போன அரசன் என்று சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். ஆனால் ஜேம்ஸ் நவீனப் படையோடு போனவர். பெரிய பீரங்கிகள், பிரெஞ்சு அதிகாரிகள் பழக்கிய நீண்ட ஈட்டிப் படை, எல்லாம் ஐரோப்பாவின் புதுப் பாணி. சர்ரே பிரபு சுற்றி வளைத்து வடக்கே வந்து நிற்க, ஜேம்ஸ் இடம் மாற வேண்டியதாயிற்று. மேட்டிலிருந்து இறங்கிய ஈட்டி வரிசைகள் அடிவாரத்துச் சேற்றில் குலைந்தன. வரிசை குலைந்தால் பதினைந்து அடிக்கும் மேற்பட்ட ஈட்டி வெறும் பாரம். எதிரிகளிடம் இருந்ததோ எட்டடிக் கம்பில் வெட்டும் கொக்கியும் பூட்டிய சாதாரண ஆயுதம். நெருங்கி வந்த பிறகு அதுதான் வேலை செய்தது. ஃப்ளாடனை இங்கிலாந்தின் நெடுவில் வென்றது என்று எழுதுகிறவர்கள் நூறு ஆண்டு பின்தங்கியிருக்கிறார்கள்.

ஜேம்ஸின் மனைவி மார்கரெட், எட்டாம் ஹென்றியின் அக்கா. மைத்துனன் படையோடு மோதித்தான் ஜேம்ஸ் செத்தார். அந்தத் திருமணத்தின் கொள்ளுப்பேரன் ஆறாம் ஜேம்ஸ், 1603-ல் இங்கிலாந்தின் அரியணையிலும் ஏறினார். சண்டை போட்டு யாரும் சாதிக்காததை வாரிசுப் பட்டியல் சாதித்தது.

1603-க்குப் பிறகு சண்டையே இல்லை என்று நினைப்பது

ஒரே அரசர், இரண்டு நாடாளுமன்றம், இரண்டு திருச்சபை. 1639-40-ல் முதலாம் சார்லஸ் ஸ்காட்லாந்தின் மேல் தன் வழிபாட்டு முறையைத் திணிக்கப் போய், ஸ்காட்லாந்துப் படை நியூகாசில் வரை வந்துவிட்டது. இங்கிலாந்தில் அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் போர் மூண்டபோது, 1644-ல் மார்ஸ்டன் மூரில் ஸ்காட்லாந்துப் படையும் நாடாளுமன்றப் படைத் தளபதி குரோம்வெல்லும் தோளோடு தோள் நின்று அரசர் படையைத் தோற்கடித்தார்கள். அங்கே குரோம்வெல்லுக்கு உதவிய குதிரைப்படைத் தளபதி டேவிட் லெஸ்லி. ஆறு ஆண்டு கழித்து டன்பாரில் குரோம்வெல்லுக்கு எதிரே நின்றவரும் அதே லெஸ்லி.

காரணம், சார்லஸின் தலையை இங்கிலாந்து வெட்டியது. அவர் ஸ்காட்லாந்துக்கும் அரசர். எடின்பரோவை யாரும் கேட்கவில்லை. அவர் மகனை ஸ்காட்லாந்து உடனே அரசராக அறிவித்தது, குரோம்வெல் படையெடுத்தார். 1650 செப்டம்பர் 3, டன்பார். சரியாக ஒரு வருடம் கழித்து அதே தேதியில் வூஸ்டர். டன்பார் கைதிகளை டர்ஹம் பேராலயத்தில் அடைத்தார்கள், பலர் அங்கேயே பட்டினியிலும் நோயிலும் செத்தார்கள். 2013-ல் பக்கத்தில் கட்டட வேலைக்குத் தோண்டியபோது அவர்களில் சிலரின் எலும்புகள் கிடைத்தன. இரண்டு தனி நாடுகளாக ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மோதிய கடைசிப் போர் இந்த 1650-51 போர்தான். வினாடி வினாக்களில் இதற்குக் கலோடன் என்று விடை போடுவது தவறு.

கலோடன்

1746 ஏப்ரல் 16, இன்வர்னஸ் அருகே. இதை ‘இங்கிலாந்து ஸ்காட்லாந்தை நசுக்கிய நாள்’ என்று சொல்வதுதான் இந்த வரிசையிலேயே மிகப் பரவலான தவறு. 1707-லேயே இரண்டு நாடுகளும் ஒரே நாடாளுமன்றத்தில் சேர்ந்து கிரேட் பிரிட்டன் ஆகிவிட்டன. கலோடனில் மோதியது இரண்டு அரச குடும்பங்கள்: 1688-ல் அரியணை இழந்த ஸ்டூவர்ட் குடும்பம் ஒரு பக்கம், ஹனோவர் குடும்பம் மறுபக்கம். ஸ்டூவர்ட் பக்கத்து இளவரசர் சார்லஸ் பிறந்தது ரோமில். அவருக்கு எடின்பரோ மட்டும் போதவில்லை, லண்டன் வேண்டும். டர்பி வரை போய்த்தான் திரும்பினார்.

கம்பர்லாந்து பிரபுவின் அரசுப் படையில் குறைந்தது மூன்று ஸ்காட்லாந்து ரெஜிமென்ட்டுகள் வரிசையில் நின்றன. கேம்பெல் குலத்து ஆட்கள் ஒரு பக்கத்துக் கல்சுவரை இடித்து, அரசுக் குதிரைப்படைக்கு வழி செய்துகொடுத்தார்கள். மறுபக்கம் மலைநாட்டுக் குலங்களோடு ஆங்கஸ், அபர்டீன் பக்கத்துத் தாழ்நிலத்தவர்கள், பிரான்ஸ் அனுப்பிய அயர்லாந்து, ஸ்காட்லாந்து வீரர்கள். கில்மார்னக் பிரபு இளவரசர் பக்கம் நின்று பிடிபட்டு, லண்டனில் தலை வெட்டப்பட்டார். அவர் மகன் அன்று அரசுப் படையில் இருந்தார். மெக்கின்டோஷ் குலத்தலைவர் அரசுப் படை அதிகாரி. அவர் மனைவி ஆன் இளவரசருக்கு ஆள் திரட்டினார். இப்படிப்பட்ட வீடுகளை எந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் வைப்பது?

மதத்தை வைத்துப் பிரிக்கலாமே என்று தோன்றும். அதுவும் வேலைக்கு ஆகாது. இளவரசர் கத்தோலிக்கர், ஆனால் அவர் படையில் பெரும்பான்மையினர் கத்தோலிக்கர் இல்லை. பிஷப்புகளை ஏற்கும் புராட்டஸ்டண்ட் பிரிவான எபிஸ்கோபல் திருச்சபைக்காரர்கள்தான் அதிகம். ‘வாளோடு வந்த காட்டுமனிதர்கள், துப்பாக்கியோடு நின்ற நவீனப் படை’ என்பது வென்றவர்கள் வரைந்த படம். சண்டைக்குப் பிறகு களத்தில் பொறுக்கியதாக அரசுப் பக்கம் கொடுத்த கணக்கில் துப்பாக்கிகள் 2,300-க்கு மேல், அகன்ற வாள்கள் 190. ஈர மண், எதிர்க்காற்று, முந்தைய இரவு முழுக்க வீணாக நடந்த களைப்பு, பசி, அரசுப் பீரங்கிகள். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது.

அதன்பின் நடந்த அடக்குமுறையைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. காயம்பட்டுக் கிடந்தவர்களைக் கொன்றார்கள், பள்ளத்தாக்குகளைக் கொளுத்தினார்கள். 1746 சட்டம் ஆண்களுக்கு மலைநாட்டு உடையைத் தடை செய்தது. 1782 வரை அந்தத் தடை இருந்தது. ஒரு விலக்கு மட்டும்: பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்தால் போட்டுக்கொள்ளலாம். கம்பர்லாந்து பிரபுவின் படையை எதிர்த்துச் சண்டையிட்டவர்களின் பிள்ளைகள் அப்படித்தான் சிவப்புச் சட்டைக்குள் போனார்கள்.

அவர்களில் ஒரு வழி நம் ஊருக்கும் வருகிறது. ஜான் மெக்கென்ஸி, மெக்லவுட் பிரபு, பதினெட்டு வயதில் அப்பாவோடு சேர்ந்து இளவரசருக்காகச் சண்டையிட்டுப் பிடிபட்டவர். மன்னிப்புக் கிடைத்து, சுவீடன் படையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, 1770-களின் முடிவில் மலைநாட்டு ரெஜிமென்ட் ஒன்றைத் திரட்டினார். அது 1780 தொடக்கத்தில் சென்னையில் இறங்கியது. அதன் இரண்டு கம்பெனிகள் (ரெஜிமென்ட்டின் உட்பிரிவுகள்) அந்த ஆண்டு செப்டம்பர் 10-ல் காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில், ஹைதர் அலி, திப்பு படைகளிடம் சின்னாபின்னமாயின. அங்கே படைக்குத் தலைமை தாங்கிப் பிடிபட்ட கர்னல் வில்லியம் பெய்லி இன்வர்னஸ் பக்கத்துக்காரர். கம்பெனிகளோடு போய்க் காயம்பட்டுச் சிறைப்பட்ட டேவிட் பேர்டும் ஸ்காட்லாந்துக்காரர்தான். ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இந்தச் சண்டை ஓவியமாக இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு ‘ஆங்கிலேயர் தோற்ற சண்டை’ என்று எழுதப் போகிறவர்கள் பெய்லி எந்த ஊர் என்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.